ஐந்தே முக்காலுக்குப் பாறையில் ஏறாதீர்கள்

நான் கல்யாண ஜோடிகளைப் படமெடுப்பவன். நிச்சயதார்த்தம் முடிந்த ஜோடிகள் எனக்கு அனுப்பும் முதல் செய்தி பெரும்பாலும் ஒரு படமாகத்தான் இருக்கும். பாறை நுனியில் இரண்டு பேர், பின்னால் வெடிக்கும் அலை, கடலைத் தொட்டு நிற்கும் சூரியன். "அண்ணா, முட்டத்துல இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்பார்கள். எடுக்கலாம்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: மேக்கப் எத்தனை மணிக்கு முடியும்?

நம் ஊர்ச் சாயங்காலம் ரொம்பச் சின்னது. 'கோல்டன் ஹவர்' (சூரியன் மறையும் முன் கிடைக்கும் பொன் வெளிச்சம்) என்று வீடியோக்களில் சொல்லித் தருகிறவர்களில் பாதிப் பேர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படமெடுப்பவர்கள். அங்கே கோடையில் சூரியன் சறுக்கிச் சறுக்கிச் சாய்வாக இறங்கும். கன்னியாகுமரி 8 டிகிரி அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே அது கிணற்றில் விட்ட வாளி மாதிரி நேராகப் போய்விடும். அடிவானத்துக்கு மேலே 6 டிகிரியில் இருந்து மறைய நமக்குக் கிடைப்பது சுமார் 25 நிமிடம். லண்டனில் ஜூன் மாதத்தில் அதே தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் உண்டு. நவம்பர் நடுவில் இங்கே ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வரை இருக்கும். 'ஆறு மணிக்கு வந்துடுறோம்' என்பது நவம்பரில் ஒரு கணக்கு, ஜூலையில் வேறு கணக்கு.

இதை நான் கற்றுக்கொண்டதும் ஒரு நவம்பரில்தான். நான்கு மணிக்கு முட்டத்தில் ஆரம்பிப்பதாகப் பேச்சு. நாகர்கோவிலில் மேக்கப் இழுத்தது, வழியில் பூ வாங்க நின்றார்கள், வந்து இறங்கும்போது 5.35. மறைய அரை மணி நேரம்கூட இல்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்று நான்தான் அவர்களைக் கடைசிப் பாறைக்கு ஏற்றினேன். கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மக்களே, அங்க போகாதீங்க, இன்னைக்குக் கடல் சரியில்ல" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். காதில் விழுந்தது. கேட்கத்தான் இல்லை.

நாலைந்து அலை பாறைக்குக் கீழேயே நின்றது. அடுத்தது நிற்கவில்லை. பெண் பட்டுச்சேலையில் இருந்தாள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் ஒரு எட்டுகூட வைக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. என் கேமரா உப்புத்தண்ணீர் குடித்துச் செத்தது. அது பரவாயில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தேனே, அந்த இரண்டு நிமிடம் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

நம் கடற்கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிப்பக்கத்தில் வீசும் புயலில் பிறந்த நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் படமெடுக்கக் கூப்பிடுகிற மாதிரிப் பளிச்சென்று இருக்கும். 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. ஷூட்டுக்கு முந்தைய நாள் ராத்திரி அதைப் பார்க்காமல் நான் தூங்குவதில்லை. எச்சரிக்கை இருந்தால் கடற்கரை கிடையாது, அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் கிடையாது.

சரி, அப்படியானால் அந்த அலைப் படம்? பாறை நுனிக்குப் போகாமலே எடுக்கலாம். ஜோடியைக் கரையில், ஈரம் தொடாத மேட்டில் நிறுத்திவிட்டு, நான் பின்னால் தள்ளிப்போய், தூரத்தைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் 200 எம்.எம். லென்ஸில் பார்ப்பேன். தூரத்து அலை அவர்கள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். படம் பார்ப்பவர்கள் "எப்படிண்ணே அவ்வளவு பக்கத்துல நின்னாங்க?" என்று கேட்பார்கள். பாறை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம்: ஈரமும் பாசியும் இருக்கிற இடம் வரை அலை வந்திருக்கிறது, அவ்வளவுதான். கள்ளக்கடல் அந்தக் கோட்டையும் தாண்டும் என்பதால் நான் அதற்கும் மேலே நிற்கச் சொல்வேன்.

வெளிச்சம் கடலோரத்தில் மட்டுமா இருக்கிறது? மாத்தூர் தொட்டிப்பாலத்தை எல்லோரும் 115 அடி உயரத்தில் நின்று எடுக்கிறார்கள். அங்கே மூன்று மணிக்கு வெயில் நெற்றியில் அடித்துக் கண்ணுக்குக் கீழே குழி விழும். கீழே இறங்குங்கள், அந்த 28 தூண்களில் ஒன்றின் நிழலில், நிழலின் விளிம்பை ஒட்டி, முகம் வெளிப்பக்கம் பார்க்க நிறுத்தினால் ஸ்டூடியோ லைட்டே வேண்டாம். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் வேறு மாதிரி. இலை அடர்ந்திருக்கும்போது மேலிருந்து வடிகிற வெளிச்சம் பச்சை, தோலும் பச்சையடிக்கும். ஜனவரியையொட்டி மரங்கள் இலை உதிர்க்கும்போது அதே தோட்டம் திறந்து, கீழே பழுப்பு மெத்தை விரித்த மாதிரி இருக்கும். மணலும் பாருங்கள். சொத்தவிளையின் வெளிர் மணல் தாடைக்கு அடியில் வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும். மணவாளக்குறிச்சிக் கருமணல் உள்ளதையும் விழுங்கும், அங்கே வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடும் வெள்ளை அட்டை, அதாவது ரிஃப்ளெக்டர், கட்டாயம்.

ரிஃப்ளெக்டர் என்றதும் ஒன்று. நம் வீடுகளில் ஜோடியைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். ஒரு சித்தியோ தம்பியோ கூட வருவார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றால் மாப்பிள்ளைக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியாது. அதனால் தெர்மாகோல் அட்டையைச் சித்தி கையில் கொடுத்துவிடுவேன். வேலை கிடைத்ததும் அவர்களும் நம் ஆளாகிவிடுவார்கள். "அண்ணா, பொண்ணு மூக்குல நிழல் விழுது" என்று ஒரு சித்தி எனக்கே திருத்தம் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

இப்போது முன்பதிவு செய்பவர்களிடம் சொல்வது இதுதான். மேக்கப் இரண்டு மணிக்குள் முடியட்டும். பட்டுச்சேலைப் படங்களைத் தோப்பிலும் தூணடியிலும் முதலில் முடித்துவிடுவோம். கடலுக்குப் போகும்போது கணுக்காலுக்கு மேலே நிற்கிற உடை, காலில் பிடிமானமான செருப்பு. 5.35-க்கு வந்தால் மணலில் நின்று எடுக்கலாம்; பாறை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.