உப்புக்காற்றில் ட்ரையல் ஓட்டம்: கால் ஊன்றினால் ஒன்று, கேபிள் அறுந்தால் ஐந்து

ராமநாதபுரம் கடற்கரையில் பைக்கைத் துரு தின்பது பெரும்பாலும் ஓட்டும் நேரத்தில் இல்லை. ஓட்டி முடித்து வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டுத் தூங்கப் போன பிறகுதான் அது வேலையைத் தொடங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியில் பொடியாய் ஒட்டியிருக்கும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் ராத்திரி ஈரம் எப்படி இருக்கும் என்று அங்கே துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும். பகலில் காய்ந்து வெள்ளையாய்த் தெரிவது ராத்திரியில் உப்புத் தண்ணீராகி நட்டு, செயின், கேபிள், வயர்களை இணைக்கும் கப்ளர் எல்லாவற்றுக்குள்ளும் இறங்குகிறது.

சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு இது செலவு. ட்ரையல் பழகுகிறவருக்கு இது செலவோடு ஆபத்தும் கூட. ட்ரையல் என்பது வேகப் போட்டி கிடையாது. பாறை, மேடு, மணல், குறுகலான திருப்பம் என்று கயிறு கட்டிக் குறித்த ஒரு துண்டுப் பாதையை, கால் தரையில் படாமல் கடக்கும் விளையாட்டு அது. நடக்கும் வேகம்தான். ஆனால் அந்த வேகத்தில் வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பது கிளட்ச் லீவரில் இருக்கும் ஒரு விரலும், பிரேக்கில் இருக்கும் ஒரு விரலும், ஆக்ஸிலரேட்டரின் நூலிழை அசைவும்தான். இந்த மூன்று கேபிள்களில் ஒன்று துருவில் இழுத்துப் பிடித்தாலும் ஓட்டுகிறவரின் திறமை அங்கே செல்லாது.

முதலில் மதிப்பெண் முறையைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அதிலிருந்தே புரியும். ஒவ்வொரு துண்டுப் பாதையும் ஒரு செக்‌ஷன். முன்சக்கரத்தின் ஆக்ஸில் தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் கணக்கு ஆரம்பம், அதே ஆக்ஸில் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கணக்கு முடிவு. காலே ஊன்றாமல் வந்தால் 0. ஒரு முறை ஊன்றினால் 1, இரு முறை ஊன்றினால் 2. மூன்று முறையோ அதற்கு மேலோ எத்தனை முறை ஊன்றினாலும் 3. கடக்க முடியாமல் போனால் 5. குறைந்த புள்ளி எடுத்தவரே வென்றவர். கால்தான் என்றில்லை, உடம்பின் எந்தப் பகுதி தரையிலோ மரத்திலோ பாறையிலோ சாய்ந்து தாங்கினாலும் அது ஊன்றியதாகவே எழுதப்படும்.

ஐந்து எப்போதெல்லாம் விழும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கயிற்று எல்லையை விட்டுச் சக்கரம் வெளியே இறங்கினால் ஐந்து. கால் ஊன்றிய நிலையில் எஞ்சின் அணைந்தால் ஐந்து. வண்டியை விட்டு இறங்கினால், வெளியாள் பிடித்துத் தாங்கினால், பாதைக்குள் உங்கள் போட்டிப் பிரிவு கடக்க வேண்டிய வாயில் குறியைத் தவறவிட்டால் ஐந்து. கால் ஊன்றியிருக்கும்போது ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தாலும் ஐந்து. முன்னேறாமல் வண்டி நின்றாலே ஐந்து என்ற விதியும் உண்டு. அது போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால், செக்‌ஷனுக்குள் நுழையும் முன் நடுவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே நான்கு கிடையாது. இதில்தான் போட்டியின் சூட்சுமமே இருக்கிறது. மூன்று முறை ஊன்றிவிட்டால் நான்காவது முறை ஊன்றுவதற்கு விலை இல்லை. எனவே மானம் பார்க்காமல் இரண்டு காலாலும் துழாவிக்கொண்டு வெளியே வந்துவிடுவதே சரி. அழகாக முயன்று ஐந்து வாங்குவதைவிட அசிங்கமாக மூன்று வாங்குவது மேல். 8 செக்‌ஷன், 3 சுற்று என்றால் மொத்தம் 24 முறை ஓட்ட வேண்டும், எல்லாவற்றிலும் தோற்றால் 120 புள்ளி. இருவர் 18 புள்ளியில் சமமாக நின்றால் யாருக்கு அதிகப் பூஜ்யம் என்று பார்ப்பார்கள். ஒருவர் 14 பூஜ்யம், 6 ஒன்று, 4 மூன்று எடுத்து 18-க்கு வந்திருப்பார். இன்னொருவர் 12 பூஜ்யம், 8 ஒன்று, 2 இரண்டு, 2 மூன்று எடுத்து அதே 18-க்கு வந்திருப்பார். முன்னவர் வென்றார். பூஜ்யமும் சமமானால் ஒன்றுகளை எண்ணுவார்கள். ஸ்பெயினின் டோனி போவ் 2007 முதல் 2024 வரை ஒரு வருடம் விடாமல் திறந்தவெளி உலகப் பட்டத்தை வைத்திருந்ததும் இதே கணக்கில்தான்.

கேபிள் அறுந்தால் அந்தச் செக்‌ஷன் ஐந்துதான். ஆக்ஸிலரேட்டர் கேபிள் திரும்பி வராமல் மேட்டு உச்சியில் மாட்டிக்கொண்டால் புள்ளி பெரிதில்லை, கழுத்தெலும்பு பெரிது.

எங்கே பழகுவது, எங்கே கூடாது

கடற்கரை மணலைப் பார்த்ததும் வண்டியை இறக்கத் தோன்றும். தயவுசெய்து இறக்காதீர்கள். தை, மாசி, பங்குனியில் ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. மணலுக்குள் புதைந்திருக்கும் முட்டைக் குழி மேலே இருந்து தெரியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் பேச்சே வேண்டாம். தனுஷ்கோடி மணல்வெளியில் பூநாரைகள் வந்து மேய்கின்றன, அங்கே எஞ்சின் சத்தமே கூடாது. கருவாடு காயும் களத்திலும் வலை விரித்த இடத்திலும் சக்கரம் ஏற்றுவது இன்னொருவர் சோற்றில் ஏற்றுவது.

உரிமையாளரிடம் கேட்டு வாங்கிய பனங்காடு, கோடையில் வறண்ட சொந்த வயல், செங்கல் காளவாசல் ஓரத்துப் பொட்டல் போதும். நான்கு பனைமட்டைக் கட்டை, இரண்டு பழைய டயர், கொஞ்சம் நைலான் வலைக்கயிறு இருந்தால் ஒரு செக்‌ஷன் கட்டிவிடலாம். தனியாகப் பழகாதீர்கள். ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை மூன்றும் இல்லாமல் எஞ்சினை எழுப்பவே வேண்டாம்.

இங்கே பெரும்பாலோர் ஓட்டுவது 100 அல்லது 125 சிசி வண்டி, சிலர் எக்ஸ்பல்ஸ் மாதிரி ஸ்போக்ஸ் சக்கர வண்டி. ட்ரையலுக்கென்றே பிறந்த வண்டி 65 முதல் 75 கிலோதான் இருக்கும், உட்கார சீட்டே இருக்காது, பின் டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. காற்று போதும். அந்தக் கணக்கை ட்யூப் டயரில் செய்தால் ரிம்முக்குள் டயர் வழுக்கி ட்யூபின் மூக்கைப் பிய்த்துவிடும். டயரை ரிம்மோடு இறுக்கும் லாக் போடாத ட்யூப் சக்கரத்தில் 15-க்குக் கீழே இறக்காதீர்கள். பழகி முடித்ததும் வண்டிக்குரிய காற்றை அடித்த பிறகே ரோட்டில் ஏற வேண்டும். சீமைக் கருவேல முள் குத்தினால், பஞ்சர் கடையில் ட்யூபை மட்டும் ஒட்டிக்கொண்டு வராதீர்கள். டயரின் உள்பக்கத்தைப் பழைய துணியால் சுற்றித் தடவினால், உடைந்து உள்ளேயே நிற்கும் முள் நுனி துணியில் மாட்டும். அதை எடுக்காவிட்டால் அடுத்த பஞ்சர் அதே இடத்தில்தான்.

காற்றால் குளிரும் எஞ்சின் முதல் கியரில், அரைக் கிளட்சில், நடை வேகத்தில் ஓடும்போது அதற்குக் காற்றே கிடைக்காது. பத்து நிமிடம் பழகினால் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். கிளட்ச் தட்டு தேய்ந்த தூள் எஞ்சின் ஆயிலில்தான் கலக்கும், ஆகவே ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது

இந்த மாவட்டத்தில் பராமரிப்பின் பாதிச் சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. கரையோர ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. வாட்டர் சர்வீஸ் என்று அந்தத் தண்ணீரை அழுத்தத்தில் அடித்தால், கடல் போட்ட உப்பை எடுத்துவிட்டுக் கிணற்று உப்பைப் போட்ட கதைதான். அதுவும் வீல் பேரிங், ஹேண்டில் திரும்பும் கோன் செட், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் ஆயில் சீல் இவற்றின் இடுக்குக்குள் ஏற்றிவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.

குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் ஊரில் வண்டிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. பதில், குறைவாகச் செலவழிப்பது. பழகி முடித்த அன்றே, எஞ்சின் ஆறிய பிறகு, மண்ணை முதலில் உவர்த் தண்ணீரிலேயே கழுவலாம். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். இரண்டு வாளி போதும். குவளையால் மேலிருந்து கீழாக மெதுவாக ஊற்றுங்கள்: ஹேண்டில்பார், போர்க், ஸ்போக்ஸ் நிப்பிள், மட்கார்டு உள்பக்கம், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு ஸ்பிரிங். மழைக்காலத்தில் ஓட்டுச் சரிவில் ஒரு டிரம் வைத்தால் அந்த நீர்தான் வண்டிக்குச் சிறந்தது. பிறகு துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை நாலைந்து முறை பிடித்து விடுங்கள். ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடுவது வண்டியை உப்பில் ஊறப்போடுவதுதான்.

ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று தென்கடல் பக்கத்திலிருந்து தூற்றும். கார்த்திகை பிறந்தால் வாடை வடகடல் பக்கமிருந்து வரும். வண்டி நிறுத்தும் இடத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். காற்றுக்கு மறைவாக ஒரு சுவர் கிடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

செயினுக்குப் பெட்ரோல் வேண்டாம். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்க ரோலர்களில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பின்சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயின் துடைப்பதால்தான் விரல்கள் போகின்றன. ட்ரையல் போட்டிகளில் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவே விரல் நுழையாதபடி தடுப்பு கட்டாயம் என்று விதி வைத்திருப்பதும் இதற்காகவே. செயின் தொய்வு 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ., வண்டிக் கையேட்டில் இருக்கும் எண்ணே இறுதி. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்து இழுத்தால் அரைப் பல் தெரிகிறதா? செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செட்டாகவே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதை அறுத்துவிடும்.

கேபிளுக்கு லீவர் முனையைக் கழற்றி, மேல் நுனியில் சிறு பிளாஸ்டிக் பையைக் கூம்பாகக் கட்டி, மெல்லிய ஆயிலை ஊற்றி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். கீழே சொட்டும் ஆயில் செம்பழுப்பாக இருந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது. கேபிள் நுனி நிப்பிள் பக்கத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அதே நாளில் மாற்றுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, விட்டவுடன் ஆக்ஸிலரேட்டர் சட்டென மூடுகிறதா என்று பார்க்காமல் செக்‌ஷனுக்குள் போகவே கூடாது. எஞ்சின் அணைக்கும் ஸ்விட்ச்சும் அப்படியே. உப்பு ஏறிய ஸ்விட்ச் தேவையான நேரத்தில் வேலை செய்யாது. ட்ரையல்காரர்கள் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி, விழுந்ததும் எஞ்சின் தானாக அணையும்படி வைத்திருப்பார்கள். நம் வண்டியிலும் அதைப் பொருத்த முடியும்.

டிரம் பிரேக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். உப்பு நீர் புகுந்தால் லைனிங் ஷூவை விட்டுப் பெயரும், ஷூவை விரிக்கும் கேம் துருவில் இறுகி மிதித்த பிரேக் திரும்பாது. கேமில் மெல்லிய கிரீஸ் பூச்சு போதும், லைனிங்கில் கிரீஸ் பட்டால் அந்த ஷூ குப்பைக்கு. டிஸ்க் வண்டியில் கேலிப்பர் நகரும் பின்களுக்குப் பிரேக்குக்கென்று வரும் கிரீஸ் மட்டும்தான். ஸ்பாஞ்ச் ஏர் பில்டரை மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு நீரில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, எஞ்சின் ஆயில் தடவிப் பிழிந்து போடுங்கள். பேப்பர் பில்டரைக் கழுவக் கூடாது. கப்ளர்களைக் கழற்றிப் பச்சை படிந்திருந்தால் சுரண்டி, வாசலின் தடவி மாட்டுங்கள். அலுமினிய எஞ்சினில் இறங்கும் இரும்பு போல்ட்டுகளையும் இரு ஆக்ஸில்களையும் வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கிரீஸ் போடாவிட்டால், பிறகு அவை உடைந்துதான் வெளியே வரும்.

வண்டி கடல் நீரில் மூழ்கிவிட்டால்

சாவியைப் போடாதீர்கள், கிக்கரை மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் நீர் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். மெக்கானிக் வரும்வரை காயவைக்கலாம் என்று வெயிலில் நிறுத்துவது பெரிய தவறு, காற்றும் உப்பும் சேர்ந்த நிமிடத்திலிருந்து துரு ஓடும். கடலில் விழுந்த வள்ளத்து எஞ்சினை வேலை தொடங்கும்வரை நல்ல தண்ணீரிலேயே முக்கி வைப்பது இதனால்தான். வண்டியின் மேலும் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். டேங்க், கார்ப்பரேட்டர் கிண்ணம், ஏர் பில்டர் பெட்டி மூன்றும் காலியாக வேண்டும். எஞ்சின் ஆயில் மோர் நிறத்தில் வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு, வண்டி கிளம்பியதும் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஓட்டி வடியுங்கள். இன்னொரு முறை அதேபோல். வடியும் ஆயில் தெளிந்த பிறகு ஊற்றுவதுதான் வண்டிக்குரிய ஆயில். வீல் பேரிங், கோன் செட், பிரேக் டிரம், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றையும் அந்த வாரத்துக்குள் திறந்து பார்த்துவிட வேண்டும்.