பாக்கெட் பிஸ்டல் லைசென்ஸ்: எங்கே மாட்டிக்கொள்வீர்கள்?

பல்லடம் பக்கமும் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் வயதானவர்களைக் கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு, "சின்னதா ஒரு பிஸ்டல் வாங்கி இடுப்புல வெச்சுக்கலாமா, லைசென்ஸ் எப்படி எடுக்கிறது?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வசூல் பணத்தோடு ராத்திரி திரும்புகிற ஃபைனான்ஸ்காரர்கள், நகைக்கடை வைத்திருப்பவர்கள், ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருப்பவர்கள் என்று எல்லா வகையிலும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் முறையாக விண்ணப்பித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் "அச்சுறுத்தல் ஏதும் இல்லை" என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்தது, அதைக் காட்டத்தான் கையில் காகிதம் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், 2016-ஆம் வருட ஆயுத விதிகள், 2019-இல் வந்த திருத்தம், இந்த மூன்றும்தான் அடிப்படை. 21 வயது முடிந்திருக்க வேண்டும். லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும், ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். சென்னையில் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர்தான் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி. மற்ற கமிஷனரேட் நகரங்களில் இருப்பவர்கள், உங்கள் விலாசம் யாருக்குக் கீழே வருகிறது என்பதை முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான இடத்தில் கொடுத்த மனு திரும்பி வரவே சில மாதங்கள் ஆகும், அதுவும் நீங்கள் போய்க் கேட்டால்தான்.

எந்தத் துப்பாக்கி என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் உள்ளங்கைக்குள் அடங்குகிற 9 எம்.எம். பிஸ்டல்களைப் பார்த்துவிட்டு அதேபோல் ஒன்று வேண்டும் என்று வருகிறார்கள். இங்கே 9 எம்.எம். (குழலின் அளவு) தடை செய்யப்பட்ட ரகம், கலெக்டரால் அதற்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது. தற்காப்புக்காகச் சாதாரண ஆள் ஒருவர் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யவும் வழியில்லை. நடைமுறையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பாயிண்ட் 32 அளவு பிஸ்டலோ ரிவால்வரோதான். எடை குறைந்ததாக வேண்டும் என்றால் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் கொண்டுவந்த நிர்பீக் ரிவால்வர் இருக்கிறது, சுமார் அரை கிலோ. வந்த புதிதிலேயே அதன் விலை 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டியது. துப்பாக்கியைப் பார்த்து வைத்துவிட்டு, கடைக்காரரிடம் முன்பணமும் கொடுத்துவிட்டு, பிறகு லைசென்ஸுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், அதற்குரிய கெடு தேதியும் அதிலேயே எழுதியிருக்கும்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். தொழிலாலோ வேலையாலோ வேறு காரணத்தாலோ உயிரையும் சொத்தையும் பாதுகாத்துக்கொள்ள உண்மையான தேவை உள்ளவர்களின் மனுவைப் பரிசீலிக்கலாம் என்று விதி சொல்கிறது. "பரிசீலிக்கலாம்" என்றுதான் சொல்கிறதே தவிர, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அந்தத் "தேவை" இருக்கிறதா என்று எழுதிக் கொடுப்பவர் உங்கள் ஏரியா இன்ஸ்பெக்டர். அவர் பார்ப்பது ஸ்டேஷன் பதிவேட்டை. உங்களை யாராவது மிரட்டியிருக்கிறார்களா, வழிமறித்திருக்கிறார்களா, வீட்டில் திருட்டு போயிருக்கிறதா, எதற்காவது புகார் கொடுத்திருக்கிறீர்களா? நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மிரட்டல் போன் வந்தால் "ஸ்டேஷன், கோர்ட்டு என்று எதற்கு அலைவது" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துத் துப்பாக்கி கேட்கும்போது "இவருக்கு அச்சுறுத்தல் இருப்பதாகப் பதிவுகள் ஏதும் இல்லை" என்று அறிக்கை போகிறது. இன்ஸ்பெக்டர் பொய் எழுதவில்லை. பதிவு இல்லைதான்.

ஆகவே மிரட்டல் வந்த அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தாலும் புகார் வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் நகராதீர்கள். "நான் பேசிக்கிறேன், நீங்க போங்க" என்று அனுப்பி வைத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தொழில் காரணம் என்றால் ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரிக் கணக்கு, நீங்கள் பணத்தோடு அலைகிறீர்கள் என்று காட்டுகிற வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் சேருங்கள். தனிமையான வீடு என்றால் பக்கத்து வீடு எவ்வளவு தூரம், ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தோடு ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் "சுய பாதுகாப்புக்காக" என்று இரண்டே வார்த்தை எழுதுவது மறுப்பை நீங்களே எழுதிக் கொடுப்பதுதான்.

இதற்கு நேர் எதிரான பொறியும் ஒன்று உண்டு. வரப்புத் தகராறு வருகிறது, நீங்கள் புகார் கொடுக்கிறீர்கள், எதிர்த்தரப்பும் கொடுக்கிறது, இரண்டு பக்கமும் கேஸ். "ரெண்டு பேரும் 107-ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, பிரச்சினை முடிஞ்சது" என்று சமாதானம் பேசுவார்கள். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, அது இப்போது புதிய சட்டத்தில் 126-ஆம் பிரிவு, ஆனால் ஸ்டேஷனில் இன்னும் 107 என்றுதான் சொல்கிறார்கள்.) அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி உத்தரவானவர், அந்தப் பத்திரத்தின் காலம் முடியும்வரை துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள்மேல் தப்பே இல்லாவிட்டாலும் அந்தக் கையெழுத்து உங்களைத் தகுதியற்றவராக்கிவிடும். கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் கேளுங்கள். எதிர்வழக்கு நிலுவையில் இருந்தால் அதை விண்ணப்பத்தில் மறைக்கவும் வேண்டாம். எப்படியும் போலீஸ் அறிக்கையில் வந்துவிடும், அப்புறம் தகவலை மறைத்தீர்கள் என்பதே மறுக்கக் காரணமாகிவிடும்.

சொத்து இல்லாதவருக்கு லைசென்ஸ் கிடைக்காது என்று கவுன்டரில் சொல்வார்கள். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. இருந்தும் தாசில்தார் அறிக்கையில் சொத்து மதிப்பு ஒரு பத்தியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். மத்திய உள்துறையின் ஆயுத லைசென்ஸ் தளத்தில் ஏ-1 படிவம் நிரப்ப வேண்டும். ஆன்லைன் என்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அதே படிவத்தை அச்செடுத்து இணைப்புகளோடு அலுவலகத்தில் கொடுத்தால்தான் கோப்பு பிறக்கும். நிறையப் பேர் கோட்டை விடுவது மூன்று இணைப்புகளில். ஒன்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி எடுத்ததற்கான சான்று. இன்னொன்று, மனநலமும் உடல்நலமும் சரியாக இருப்பதற்கான மருத்துவச் சான்று. அப்புறம், வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி. பயிற்சிச் சான்றை எங்கே எடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "அதெல்லாம் தேவையில்லை சார், சிஸ்டத்துல இருக்கு" என்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே மேசையில் அதே ஆள் மெடிக்கல் சர்ட்டிபிகேட் கோப்பில் இல்லை என்பார், அப்போது அந்த முத்திரைதான் பேசும்.

அதன் பிறகு கோப்பு கிளம்பிவிடும். கலெக்டர் அலுவலகத்திலிருந்து எஸ்.பி., அங்கிருந்து டி.எஸ்.பி., அங்கிருந்து ஸ்டேஷன். இன்னொரு கிளை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார் என்று இறங்கி வி.ஏ.ஓ. வரை போகும். விதிப்படி போலீஸ் அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அது வந்த 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நடப்பது அதுவல்ல. அறிக்கை வரவில்லை என்றால் அதற்காகக் காத்திராமல் உத்தரவு போட 13-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் "அதிகாரி உகந்ததாகக் கருதினால்" என்று ஒரு கொக்கியையும் வைத்திருக்கிறது. எந்த அதிகாரி போலீஸ் அறிக்கை இல்லாமல் துப்பாக்கிக்குக் கையெழுத்துப் போடுவார்? கெடு முடிந்ததும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். கூடவே, "என் கோப்பு இன்றைய தேதியில் எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் உள்ளது" என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். துப்பாக்கி ஏன் தரவில்லை என்று அதில் கேட்காதீர்கள், கோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். தூங்குகிற கோப்பை இது பல நேரம் எழுப்பிவிடும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், நீங்கள் கேட்டால் கொடுக்கவும் வேண்டும். "கலெக்டர் ரிஜெக்ட் பண்ணிட்டார்" என்று வாயால் சொல்வது உத்தரவு ஆகாது. உத்தரவு கிடைத்ததும் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அது உத்தரவுத் தேதியிலிருந்து ஓடுகிறது. தபால் தாமதமாக வந்தால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள், தபால் முத்திரை தேவைப்படும்.

இந்த அலைச்சலைப் பார்த்துத்தான் புரோக்கர் உள்ளே நுழைகிறார். "வேற ஸ்டேட்ல ஆல் இந்தியா லைசென்ஸ் எடுத்துத் தரேன், நீங்க வரவே வேண்டாம்" என்பார். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை இப்படிக் கொடுக்கப்பட்ட இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்களை சி.பி.ஐ. தோண்டியது. நீங்கள் குடியிருக்காத ஊரின் லைசென்ஸ் வெறும் காகிதம், அதை நம்பி வைத்திருக்கும் துப்பாக்கி கள்ளத் துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கே 2 முதல் 5 வருடம் சிறை. ஆசைப்பட்டு எங்கோ வாங்கிய 9 எம்.எம். என்றால் 7 முதல் 14 வருடம். புரோக்கர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று ஒரு கட்டம் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். தமிழ்நாடு என்று இருந்தால் ஓசூரைத் தாண்டி பெங்களூருக்குக் காரில் எடுத்துப் போவது விதிமீறல். பொது இடத்தில் பிஸ்டல் உறைக்குள், முழுக்க மூடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பேன்ட் பாக்கெட்டில் வெறுமனே செருகிக்கொண்டு போவதற்கு விதி இடம் தரவில்லை, டேஷ்போர்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதற்கும் இல்லை. சட்டையைத் தூக்கிக் காட்டி யாரையாவது பயமுறுத்தினால் லைசென்ஸ் போகும். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மெட்ரோவில் ஏற முடியாது. விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது, முன்கூட்டியே சொல்லி, குண்டுகளைக் கழற்றித்தான் லக்கேஜில் போட முடியும்.

சுட வேண்டிய நிலையே வந்துவிட்டால்? தற்காப்பு உரிமை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போனாலும் குற்றமில்லை, ஆனால் தேவைக்கு மேல் தாக்கக் கூடாது, போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. நடைமுறையில் வழக்கு உங்கள்மேல் பதிவாகும், துப்பாக்கி பறிமுதல் ஆகும், அச்சம் நியாயமானது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஓடுகிற திருடனின் முதுகில் சுட்டால் காட்டுவது கஷ்டம். அன்றாடப் பயத்துக்கு லைசென்ஸ் தேவையில்லாத பெப்பர் ஸ்ப்ரே போதும் என்பவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று. கொடுக்கும்போது துப்பாக்கி எண், குண்டுகளின் எண்ணிக்கை, அன்றைய நிலை எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள், முடிந்தால் அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டுக் கொடுத்த ரிவால்வர் துருப்பிடித்துத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன், ரசீதில் நிலையைப் பற்றி எதுவும் எழுதாததால் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை. புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து, இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே மனு கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால், பீரோவில் இருக்கும் துப்பாக்கி அன்றிலிருந்து யாருடைய லைசென்ஸிலும் இல்லை. கருமாதி முடியட்டும், வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று மாதக்கணக்கில் விட்டு வைத்த குடும்பங்கள் மேல் கேஸ் போடுவதாக மிரட்டிப் பணம் கேட்ட கதைகள் எனக்குத் தெரியும். தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும், மகனோ மகளோ தங்கள் பெயருக்குக் கேட்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடையில் வைத்தால் வாடகை கேட்பார்கள், தொகையை அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.