பெருங்குழுவின் நடுவே ஒற்றை வயலின் எப்படிக் கேட்கிறது?

மூதூரில் வயலின் பயிலும் மாணவி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். "போரில் இறந்தவர்களின் நினைவாக எழுதப்பட்ட ஒரு மேற்கத்திய கொன்செர்ட்டோவைக் கேட்டேன், சேர். முரசும் எக்காளமும் ஏராளமான தந்தி வாத்தியங்களும் சேர்ந்து முழங்குகின்றன. அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வயலின் தெளிவாகக் கேட்கிறது. அந்த வயலினுக்கு மட்டும் மைக் வைத்திருப்பார்களா?"

ஒலிப்பதிவில் மைக் உண்டு. ஆனால் மைக்கே இல்லாத அரங்கில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அந்த வயலின் கேட்கும். காரணம் பாதி வயலினில் இருக்கிறது, மீதிப் பாதி நம் காதில் இருக்கிறது.

ஒரு தனிக் கலைஞரையும் பெரிய இசைக்குழுவையும் எதிரெதிரே நிறுத்தும் வடிவம்தான் கொன்செர்ட்டோ. போரையும் இழப்பையும் சொல்ல வந்தவர்கள் இந்த வடிவத்தைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். முதலாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919இல், எட்வர்ட் எல்கரின் செல்லோ கொன்செர்ட்டோ அரங்கேறியது. அதே போரில் வலக்கையை இழந்த பியானோக் கலைஞர் போல் விட்கென்ஸ்டைனுக்காக, இடக்கையால் மட்டும் வாசிக்கும் கொன்செர்ட்டோவை மோரிஸ் ராவெல் எழுதினார். செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு போலந்தின் பென்டெரெட்ஸ்கி தம் பியானோ கொன்செர்ட்டோவுக்கு 'உயிர்த்தெழுதல்' என்று பெயரிட்டார். 2002இல் அது நியூயோர்க்கில் ஒலித்தது. என்னை மிகவும் ஆட்கொண்டது ஜேர்மனியின் கார்ல் அமடியஸ் ஹார்ட்மன் 1939இல் எழுதிய வயலின் கொன்செர்ட்டோ. செக்கோஸ்லோவாக்கியா விழுங்கப்பட்டு, போரும் தொடங்கிவிட்ட ஆண்டு அது. நாஜி ஆட்சி நீடித்தவரை தம் படைப்புகள் ஜேர்மனியில் வாசிக்கப்படக் கூடாது என்று ஒதுங்கியிருந்தவர் அவர். அரங்கேற்றம் 1940இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது.

ஹார்ட்மனின் அந்தக் கொன்செர்ட்டோவில் தனி வயலினுக்கு எதிரே இருப்பவை தந்தி வாத்தியங்கள் மட்டுமே. குழலும் இல்லை, முரசும் இல்லை. கேள்வி இன்னும் கடினமாகிறது அல்லவா? ஒரு வயலினை எக்காளங்களிலிருந்து பிரித்தறிவது எளிது. வயலின்களிலிருந்தே எப்படிப் பிரிப்பது?

முதலில் ஒலியின் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரே மாதிரி வாசிக்கும் 16 வயலின்கள் ஒரு வயலினை விட 16 மடங்கு சக்தியை வெளியிடுகின்றன. ஒலியளவைக் குறிக்கும் அலகான டெசிபலில் அது 12 மட்டுமே. 10 டெசிபல் கூடினால்தான் 'இரு மடங்கு சத்தம்' என்று காது உணரும். ஆகவே பதினாறு பேர் சேர்ந்தும் ஒருவரைப் போல இரண்டரை மடங்குகூட உரத்துக் கேட்பதில்லை. தனி வயலினின் தோல்வி நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியதல்ல.

அடுத்து, வயலினின் குதிரை. தந்திகளைத் தாங்கும் அந்தச் சிறிய மரத்துண்டு 2000 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரையான (செக்கனுக்கு அத்தனை அதிர்வுகள் கொண்ட) பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது. நம் காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்ரிமீற்றர். ஒரு முனை மூடிய குழாய்க்கான உயர்தர வகுப்புச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், அதன் பரிவு மீடிறன், அதாவது குழாய் மிக உரக்க எதிரொலிக்கும் அதிர்வெண், 3400 ஹேர்ட்ஸை அண்டி வரும். இசைக்குழுவின் சக்தியோ பெரும்பாலும் 500 ஹேர்ட்ஸுக்கு அருகே குவிந்து, மேலே போகப் போகச் சரிகிறது. குழு ஓயும் இடத்தில் வயலினும் காதும் சந்திக்கின்றன. தனிக் கலைஞர் ஒரு சுரத்தைக் குழுவுக்கு 30 மில்லிசெக்கன் முந்தித் தொடங்கினாலும் போதும், காது அதைத் தனியாகப் பிடித்துக்கொள்ளும்.

இவை எல்லாம் உண்மைதான். ஆனால் நான் ஆசையோடு சொல்ல வந்தது வேறு.

வயலினில் 440 ஹேர்ட்ஸில் ஒரு சுரத்தை இழுக்கிறீர்கள். வெளிவருவது ஒரே மீடிறன் அல்ல. அடிப்படைச் சுரம் 440. அதன்மேல் 880, 1320, 1760 என்று மேற்றொனிகள் அடுக்காக எழுகின்றன. உட்காதின் சுருளில் சுமார் 35 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு மென்சவ்வு இருக்கிறது. அதன் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மீடிறனுக்கு அசையும். அதாவது காது உங்கள் சுரத்தை முதலில் சிதறடித்துவிடுகிறது. 440 ஓரிடத்தில், 880 வேறோரிடத்தில். பக்கத்தில் வாசிப்பவரின் மேற்றொனிகளும் அதே சவ்வில்தான் வந்து விழுகின்றன. எது எவருடையது என்ற அடையாளச் சீட்டு எதிலும் ஒட்டப்பட்டிருப்பதில்லை. சிதறியவற்றை மூளை எப்படித் திரும்பக் கோக்கிறது?

இப்போது இடக்கை விரலைத் தந்திமீது மெல்ல ஆட்டுங்கள். மேற்கத்திய வயலின் கலைஞர்கள் செக்கனுக்கு ஐந்தாறு தடவை இப்படி ஆட்டுவார்கள். 440 நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மேலேறினால் 444.4 ஆகும். அதே கணத்தில் 880 என்பது 888.8 ஆகிவிடும். 1760 என்பது 1777.6. ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரம் நகர்கிறது, ஆனால் 1:2:3:4 என்ற விகிதம் இம்மியும் குலைவதில்லை. ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்குகின்றன.

திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் நடந்தவர்களுக்கு இது கண்ணால் தெரியும். மரநிழலில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கும். அதற்குள் நிற்கும் புள்ளிமான் நம் கண்ணில் படாது. அது ஓர் அடி எடுத்து வைக்கட்டும், சில பொட்டுகள் மட்டும் சேர்ந்து நகரும், அந்தக் கணமே முழு மானும் தெரிந்துவிடும். வயலின் சுரத்தின் மேற்றொனிகள் அந்தப் புள்ளிகள்.

இதைக் கணினியில் காட்டியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் சௌனிங். 1980ஐ ஒட்டிய ஆண்டுகள். அவர் தூய மீடிறன்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஓர் ஒலியைக் கட்டினார். ஆட்டம் இல்லாதவரை அது உயிரற்ற மின்னொலியாகவே இருந்தது. எல்லா மீடிறன்களுக்கும் ஒரே சிறு ஆட்டத்தைச் சேர்த்ததும் ஒரு பெண் பாடும் குரலாக அது எழுந்து நின்றது. பின்னர் மணியோசை போல் ஒன்றாகக் கேட்ட ஒரு கலவையை எடுத்தார். அதிலுள்ள மூன்று அடுக்குகளுக்கும் வெவ்வேறு ஆட்டம் கொடுத்தார். மணி கலைந்து மூன்று பாடகர்கள் வந்தார்கள். சேர்த்த புது மீடிறன் எதுவும் இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸின் ஐர்காம் ஆய்வகத்தில் ஸ்டீவன் மக்ஆடம்ஸ் ஓபோ என்ற குழலின் ஒலியை எடுத்து, அதன் ஒற்றைப்படை மேற்றொனிகளுக்கு ஓர் ஆட்டமும் இரட்டைப்படைக்கு இன்னோர் ஆட்டமும் கொடுத்தார். ஒற்றைப்படைக் கூட்டம் கிளாரினெட் போல ஆனது. இரட்டைப்படைக் கூட்டமோ ஒரு ஸ்தாயி மேலேறிப் பெண்குரல் போலக் கேட்டது. ஒரு வாத்தியம் கேட்பவரின் தலைக்குள்ளேயே இரண்டாகிவிட்டது!

பிறகு நடந்த சோதனைகள் ஒரு திருத்தத்தைக் கொடுத்தன. அசையும் ஒலி அசையாதவற்றின் நடுவே நம் கவனத்தை இழுக்கிறது. ஆனால் அதன் பகுதிகளைக் கட்டிவைப்பதில் பெரும்பங்கு, அசையும்போதும் குலையாத அந்த விகிதத்துக்குத்தான். இந்தத் திருத்தம் கதையை எனக்கு இன்னும் அழகாக்குகிறது.

வயலினின் மர உடலும் சும்மா இருப்பதில்லை. அதற்குப் பல பரிவு மீடிறன்கள் உண்டு. ஆடும் மேற்றொனிகளில் ஒன்று பரிவுச் சிகரத்தை நோக்கி ஏறும்போது இன்னொன்று சிகரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். ஒன்று உரக்க, மற்றது தணிய, சுரம் முழுதும் மினுமினுக்கிறது. பதினாறு பேர் சேர்ந்து ஆட்டும்போது ஒவ்வொருவர் ஆட்டமும் வெவ்வேறு கட்டத்தில் இருப்பதால் எல்லாம் கலந்து ஒரே பரப்பாகிவிடும். எந்தத் தனி அசைவும் மிஞ்சாது. தனி வயலின் அந்தப் பரப்பின் மேல் எழுவது இப்படித்தான்.

கர்நாடக வயலின் கற்கும் மாணவிக்கு இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. சுரத்தை அசைத்து இசைக்கும் நம் கமகம் மேற்கத்திய ஆட்டத்தை விட எவ்வளவோ அகலமானது. பக்கவாத்தியக்காரர் பாடகரின் கமகத்தை அப்படியே ஒட்டிப் பிடிக்கும்போது இருவரும் ஒருவராகிவிடுவதையும், ஒரு நூல் பிந்தும்போது பிரிவதையும் நீங்கள் கச்சேரியில் கேட்டிருப்பீர்கள்.

இசையமைப்பாளர் இந்தக் கதவை மூடவும் முடியும். தனிக் கலைஞரை ஆட்டமின்றி, குழுவின் அதே சுரத்தில், அதே கணத்தில் தொடங்கச் சொன்னால் அவர் கூட்டத்துக்குள் கரைந்துவிடுவார். ஒருவரைப் பிரித்துக் காட்டுவதா, எல்லோரோடும் சேர்ப்பதா என்ற தெரிவு சுரத்துக்குச் சுரம் அவர் கையில் இருக்கிறது. நினைவேந்தலைப் பாட வந்தவர்கள் இந்த வடிவத்தை விடாததற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். நிலாவெளி வீதியில் உள்ள பொதுநலவாயப் போர்க் கல்லறைகளில் ஒவ்வொரு கல்லாக நின்று பெயரை வாசிப்பவர்களும், 2006 ஜனவரி 2 அன்று எங்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றுபவர்களும் செய்வது, கூட்டுத்தொகைக்குள் ஒருவரைக் கரையவிடாமல் காப்பதுதான்.

இதே மாணவி, 432 ஹேர்ட்ஸில் சுருதி சேர்த்தால் மனதில் அமைதி பிறக்கும் என்றும், 440 என்பது மக்களைப் போர்வெறி கொள்ளச் செய்ய நாஜிகள் புகுத்தியது என்றும் ஒரு காணொளியில் பார்த்ததாகக் கேட்டிருக்கிறார். 1939 மே மாதம் இலண்டனில் கூடிய சர்வதேச மாநாடு ஒன்று 440ஐப் பரிந்துரைத்தது. வானொலி நிலையங்களும் வாத்தியம் செய்பவர்களும் ஒரே அளவுக்கு வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான். நம் பாடகர்கள் ஒரு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று தங்கள் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு எண்ணில்தான் அமைதி இருக்கிறது என்றால் கோணேசர் சந்நிதியில் பாடப்படும் தேவாரத்துக்கு என்ன பொருள்? துயரத்தோடு இருப்பவர்களுக்கு இத்தகைய எண்களை விற்பதை நான் வெறுக்கிறேன்.

போர் காதுக்குச் செய்ததைப் பற்றியல்லவா நாம் பேச வேண்டும்? ஒலியை உணரும் உட்காதின் மயிர்க்கலங்கள் மனிதரில் இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 2009இல் ஷரன் குஜாவாவும் சாள்ஸ் லிபர்மனும் எலிகளில் இன்னொன்றைக் கண்டார்கள். பேரொலிக்குப் பின் கேட்டல் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, ஆனால் மயிர்க்கலங்களை நரம்போடு இணைக்கும் சந்திப்புகளில் சில பகுதிகளில் பாதி வரை நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரில் இதன் பங்கு எவ்வளவு என்ற ஆய்வு தொடர்கிறது. இப்படிப்பட்டவர் அமைதியான அறையில் வழக்கமான சோதனையில் தேறிவிடலாம். சந்தையில், கலியாண வீட்டில், பஸ்ஸில் எதிரே பேசுபவரின் குரலை மட்டும் பிரித்தெடுக்க முடியாமல் தவிக்கலாம்.

ஷெல் சத்தத்துக்குள் வளர்ந்த ஒரு தலைமுறை இலங்கையின் கிழக்கில் இருக்கிறது. அவர்களை இரைச்சலின் நடுவே சோதிக்க வேண்டும், அதற்கு அரசு ஆய்வுப் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு மடிக்கணினி, அளவு சரிபார்த்த ஹெட்போன், அமைதியான அறை, இங்குள்ள பேச்சில் பதிவுசெய்த தமிழ்ச் சொற்பட்டியல், அதன்மேல் படிப்படியாக ஏற்றுவதற்கு மீன் சந்தையின் இரைச்சல். இந்தச் சொற்பட்டியலைத் தயாரிக்க மூதூர் மாணவியின் வகுப்பிலேயே தொடங்கலாம்.