அப்போலோ பிழைத்தது, லாஃபாயெட் ஏன் பிழைக்கவில்லை?

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காப்பது என் தொழில். "எல்லாருக்கும் தெரிஞ்ச கட்டடம், இதை யார் இடிக்கப் போறாங்க?" என்று கேட்பவர்களிடம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைப் பற்றிச் சொல்வேன்.

அங்கே 125ஆம் தெருவில் இருக்கிறது அப்போலோ அரங்கு. தொடக்கத்தில் அது கறுப்பினத்தவரை உள்ளே விடாத கேளிக்கைக் கொட்டகை. 1934இல்தான் அவர்களுக்குக் கதவு திறந்தது. அந்த நவம்பரிலேயே புதுமுகப் போட்டியில் பாடி வென்றார், பின்னாளில் புகழ்பெற்ற ஜாஸ் பாடகியான 17 வயது எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்.

சில தெருக்கள் தள்ளி இருந்தது லாஃபாயெட் அரங்கு. 1912இல் கட்டியது. மற்ற அரங்குகள் கறுப்பினத்தவரை மாடிக்கு அனுப்பிய காலத்தில், அவர்களைக் கீழ்த்தளத்திலேயே உட்காரவைத்த அரங்கு இது. 1936இல் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் முழுக்கக் கறுப்பின நடிகர்களோடு அரங்கேறியதும் இங்கேதான். தொட்டால் அதிர்ஷ்டம் வரும் என்று கலைஞர்கள் நம்பிய, வாசலில் நின்ற 'நம்பிக்கை மர'த்தைச் சாலை விரிவாக்கத்துக்காக வெட்டினார்கள். அதன் துண்டு ஒன்று அப்போலோ மேடைக்குப் போனது. போட்டியில் பாட வருபவர்கள் இன்றும் அதைத் தொட்டுவிட்டுத்தான் பாடுகிறார்கள். வரலாற்றுப் பெருமையில் லாஃபாயெட் ஒரு படி மேல் என்பேன்.

ஆனால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. 1951இல் அது தேவாலயமாக மாறியது. ஆள் புழங்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் உடனே தெரியும் என்பதால், அந்த மாற்றம் அதன் ஆயுளைக் கூட்டியிருக்கும். 1990இல் பழைய முகப்பை உரித்தெடுத்தார்கள். அடையாளமே போன கட்டடத்துக்காக வாதாடுவது எங்களுக்கு மிகவும் கடினம். 2013இல் இடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போலோவும் 1970களில் மூடிக் கிடந்ததுதான். 1981இல் ஹார்லெமின் அரசியல் தலைவர் பெர்சி சட்டன் அதை வாங்கினார். 1983இல் நகராட்சி அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது, வெளிப்புறம் உட்புறம் இரண்டையும் சேர்த்து. 1991இல் மாநில அரசு வாங்கி, லாப நோக்கமற்ற அறக்கட்டளையிடம் நடத்தக் கொடுத்தது.

அந்த 'உட்புறம்' என்பதைக் கவனியுங்கள். முகப்பை மட்டும் விட்டுவைத்து உள்ளே எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிடுவது எங்கும் நடக்கிறது. ஓர் அரங்கின் உயிர் மேடை, மாடியின் சரிவு, பாட்டைக் கடைசி வரிசைவரை கொண்டுபோகும் சுவர்கள் ஆகியவற்றில் இருக்கிறது. அதனால், அரங்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே உட்புறத்தையும் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். அளவுகளோடு வரைபடமும் புகைப்படங்களும் இப்போதே எடுத்து வையுங்கள். இடிப்பு அனுமதி வாங்கிய பிறகு எங்களைக் கூப்பிட்டால், பெரும்பாலும் எதுவும் செய்ய முடிவதில்லை.