நிலநடுக்கத்துக்கு ஒரு கோப்பு, துப்பாக்கிக்கு இன்னொரு கோப்பு

சர்வதேச அமைப்புகளின் எந்தக் கள அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு எக்ஸெல் தாள் கட்டாயம் இருக்கும். பெயர் ரிஸ்க் ரெஜிஸ்டர், அதாவது வரக்கூடிய ஆபத்துகளின் பட்டியல். நிலநடுக்கம் ஒரு வரி, புயல் ஒரு வரி, நாலைந்து வரி தள்ளி ஆயுதக் கும்பல். ஆபத்து எவ்வளவு என்று காட்டப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை. துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அதிகாரியின் பொறுப்பு, வெள்ளம் என்றால் நிர்வாகப் பிரிவின் பொறுப்பு. இந்தத் தாள்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. தனித்தனி வரியில் உட்கார்ந்திருப்பவை களத்தில் சேர்ந்தேதான் வருகின்றன என்பதை எந்தப் பயிற்சிக்குப் போனாலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு நான் எடுத்துக்காட்டுவது கரீபியன் நாடான ஹெய்ட்டியை. 2021 ஆகஸ்ட் 14 அன்று அந்நாட்டின் தென் தீபகற்பத்தை 7.2 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். நிவாரணப் பொருட்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து தெற்கே போக வேண்டும். அந்தச் சாலையோ மார்ட்டிஸான் என்ற பகுதியைக் கடக்கிறது. ஜூன் மாதத்திலிருந்தே அங்கே கும்பல்களின் சண்டை. ஜூலையில் அதிபர் ஜோவெனல் மோயிஸ் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நிலநடுக்கம் முடிந்த இரண்டே நாளில் கிரேஸ் புயலின் மழை வேறு. லாரி தயார், அரிசி தயார், வழி இல்லை. கும்பல்களோடு பேசி வாகன அணிகளை அனுப்ப வேண்டியதாயிற்று, ஹெலிகாப்டரிலும் கொண்டுபோனார்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் மோசம். 2022 செப்டம்பரில் நாட்டின் மிகப் பெரிய எரிபொருள் கிடங்கான வரூவை ஜி9 என்ற கும்பல் கூட்டணி முற்றுகையிட்டது. டீசல் இல்லாமல் மருத்துவமனைகள் திணறின, சுத்தமான குடிநீர் விநியோகம் படுத்தது. அக்டோபர் தொடக்கத்தில், மூன்றாண்டுகளுக்கு மேல் தலைகாட்டாமல் இருந்த காலரா திரும்பி வந்தது. இதை எந்த வரியில் எழுதுவீர்கள்? பாதுகாப்பா, சுகாதாரமா, பொருட்களைக் கொண்டுசேர்க்கும் தளவாடமா?

டீசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் நான் பார்த்த திட்டங்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் 'இருக்கிறது' என்பார்கள். டேங்கில் 500 லிட்டர், மணிக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்றால் உங்களுக்கு இருப்பது 50 மணி நேரம், அவ்வளவுதான். அதில் ஏசியை அணைக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அலுவலக வண்டிகளுக்கும் அதே டேங்கிலிருந்துதான் டீசலா? டீசல் தருகிற ஒப்பந்ததாரரின் லாரி எந்தச் சாலை வழியாக வருகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்த அலுவலகங்கள் குறைவு.

இன்னொன்று, நெருக்கடியில் முடிவெடுக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்டடத்தில் இருப்பது. 2010 ஜனவரி 12 மாலை, ஹெய்ட்டியில் ஐ.நா. அமைதிப்படையின் தலைமையகமாக இருந்த கிறிஸ்டோஃபர் ஹோட்டல் நிலநடுக்கத்தில் நொறுங்கி விழுந்தது. தலைவர் ஹெடி அன்னாபி, துணைத் தலைவர் லூயிஸ் கார்லோஸ் டா கோஸ்டா இருவருமே இறந்துபோனார்கள். அன்று ஐ.நா. இழந்த ஊழியர்கள் 102 பேர். விமான நிலையத்துக்கு அருகில் இருந்த தளவாட முகாமிலிருந்துதான் பணி மறுபடி எழுந்தது. மாற்று இடம் என்று அடுத்த தெருக் கட்டடத்தை எழுதிவைக்கும் அலுவலகங்களுக்கு இதைச் சொல்வேன். ஊழியர் பட்டியலின் அச்சுப்பிரதி ஒன்றாவது அந்த வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். சர்வர் அறை இடிந்த பிறகு யார் உள்ளே, யார் வெளியே என்று எதை வைத்துக் கணக்கெடுப்பது?

கடைசியாக உள்ளூர் ஊழியர்கள். வெளியேற்றத் திட்டம் என்பது பொதுவாக வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கானது. 2024 மார்ச்சில் போர்ட்-ஓ-பிரின்ஸ் விமான நிலையம் கும்பல் தாக்குதலால் மூடியபோது, அதே நகரத்தில் வீடும் பிள்ளைகளும் உள்ள ஓட்டுநரும் கணக்காளரும் எங்கே போவார்கள்? பல திட்டங்களில் அவர்களுக்கு 'வீட்டிலிருந்து பணி' என்று ஒரே வரிதான் இருக்கிறது, அந்த வீடே கும்பலின் கையில் உள்ள தெருவில் இருந்தாலும். குறைந்தபட்சம் அவர்கள் குடியிருக்கும் பகுதிகளை வரைபடத்தில் குறித்து வையுங்கள். சம்பள முன்பணத்துக்கான ஒப்புதலை இப்போதே வாங்கி வையுங்கள். வங்கி இழுத்து மூடிய பிறகு தலைமையகத்திலிருந்து மின்னஞ்சலில் ஒப்புதல் வந்து யாருக்கு என்ன லாபம்?