சூழலும் சூழ்ச்சியும்: ‘ஆம்பியன்ஸ்’ என்னும் சொல்

ஓர் இடம் மனத்துக்குப் பிடித்துப்போனால் ‘ஆம்பியன்ஸ் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் வேர், ‘சுற்றிச் செல்லுதல்’ என்று பொருள்படும் ‘அம்பீரே’ என்ற லத்தீன் வினை. பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் ஆதரவு தேடி மக்களைச் சுற்றி வந்ததை இதே வினையிலிருந்து பிறந்த ‘அம்பிசியோ’ என்ற சொல்லால் குறித்தார்கள். பேராசையைக் குறிக்கும் ஆங்கில ‘அம்பிஷன்’ அதன் வழிவந்தது. தேர்தலில் கையூட்டுக் கொடுக்கும் குற்றத்துக்கும் ரோமானியச் சட்டம் ‘அம்பித்துஸ்’ என்றே பெயரிட்டது.

தமிழிலும் ஏறத்தாழ இதுவே நடந்திருக்கிறது என்பதுதான் வியப்பு. ‘சூழ்’ என்ற ஒரே வேரிலிருந்து சூழலும் பிறந்தது, சூழ்ச்சியும் பிறந்தது. ‘மற்றொன்று சூழினும் தான்முந் துறும்’ என்ற குறளில் சூழ்தல் என்பது ஆராய்ந்து வழிதேடுவதையே குறிக்கிறது. சூழ்ச்சிக்கு வஞ்சகப் பொருள் மேலோங்கியது பின்னர்தான்.

நம்மைச் சூழ்ந்திருப்பதில் பார்வைக்குச் சிக்காத பெரும்பகுதி ஒலி. பொருள்களையெல்லாம் அகற்றிவிட்ட அறையில் ஒருமுறை கைதட்டினால், பழகிய அறையே அந்நியமாக ஒலிக்கும். மெத்தையும் திரைச்சீலையும் உறிஞ்சிக்கொண்டிருந்த ஒலி இப்போது வெறுஞ்சுவர்களில் மோதி மோதித் திரும்புகிறது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை அரங்கு ஒன்றில் பேச்சு விளங்காததன் காரணத்தை ஆராயும் பணி வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளரிடம் வந்தது. அங்கே ஓர் ஒலி அடங்க ஏறத்தாழ 5.5 விநாடிகள் ஆயின. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். அவர் இரவுகளில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச்செய்து, அது அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்கம் நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற விதி அப்படித்தான் கிடைத்தது.

திரைப்பட ஒலிப்பதிவாளர்கள் ‘ஆம்பியன்ஸ்’ என்பதை ரசனைச் சொல்லாக அல்லாமல் பொருட்பெயராகவே வழங்குகிறார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவு செய்வார்கள். படத்தொகுப்பில் இரண்டு வசனங்களுக்கு இடையே முழு மௌனத்தை வைத்தால், ஒலிக்கருவி பழுதாகிவிட்டதோ என்று பார்வையாளர் நினைப்பார். அந்த இடைவெளியில் இந்தப் பதிவைத்தான் நிரப்புகிறார்கள்.