நாகமும் மழையும்: சொற்பட்டியல் அனுப்புவோருக்கு

சென்ற மாதம் மீண்டும் ஒரு பட்டியல் வந்தது. லாவோஸ், தென்சீனப் பகுதி மலைமக்களின் ஹ்மோங் மொழியும் சிங்களமும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை என்பதற்குச் சான்றாக, நாற்பத்துச் சொச்சம் சொற்கள் இரண்டு நிரல்களில் எதிரெதிரே அடுக்கப்பட்டிருந்தன. வரலாற்று மொழியியல் பாடம் நடத்துகிற எவருக்கும் இத்தகைய பட்டியல்கள் புதியவை அல்ல. தமிழையும் கொரிய மொழியையும் இணைப்பவற்றை எண்ணுவதையே நான் நிறுத்திவிட்டேன். ஆனால் இதை அனுப்பியவர் முதுகலையில் மொழியியல் படித்தவர் என்பதால், இம்முறை சும்மா இருக்க முடியவில்லை.

பட்டியலின் முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். ஹ்மோங் மொழியில் மழைக்குரிய சொல்லை ரோமன் எழுத்தில் என், ஏ, ஜி என்று மூன்று எழுத்துகளால் எழுதுவார்கள். அதை 'நாக்' என்று படித்துவிட்டு, சிங்களத்தின் 'நயா' (நல்லபாம்பு) என்ற சொல்லுக்கு மூலமான 'நாக'த்தோடு இணைத்து, நாகங்கள் மழை தருபவை என்ற பௌத்த நம்பிக்கையையும் பக்கத்தில் குறித்திருந்தார். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் 'க்' என்ற ஒலியே கிடையாது.

லாவோஸில் 1951 முதல் 1953 வரையிலான ஆண்டுகளில் வில்லியம் ஸ்மாலி, லின்வுட் பார்னி, ஈவ் பெர்த்ரே ஆகிய மிஷனரிகள் உருவாக்கிய எழுத்துமுறை அது. ஹ்மோங் சொற்கள் 'ங்' என்ற மூக்கொலியைத் தவிர வேறு மெய்யில் முடிவதில்லை. ஆகவே காலியாகக் கிடந்த சொல்லிறுதியில் ஒரு மெய்யெழுத்தை நிறுத்தி, அதையே சுரத்தின், அதாவது சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்றத்தாழ்வின், அடையாளமாக்கினார்கள். 'பொ' என்ற ஒரே அசையை உயர்ந்த சமசுரத்தில் சொன்னால் பந்து. உயரத்திலிருந்து விழும் சுரத்தில் பெண். ஏறும் சுரத்தில் எறிதல். தாழ்ந்த சுரத்தில் முள். மூச்சு கலந்த குரலில் அப்பாவைப் பெற்ற பாட்டி. கரகரத்து அறுபடும் குரலில் காண்பது. எழுதும்போது இவற்றின் ஈற்றில் முறையே பி, ஜே, வி, எஸ், ஜி, எம் நிற்கும். வாசிக்கும்போது அவற்றில் ஒன்றுகூட மெய்யாக ஒலிக்காது. 'நான் சோறு உண்கிறேன்' என்பதற்கு அவர்கள் சொல்வது 'கு நோ மோ'. மூன்று சொற்களும் எழுத்தில் மெய்யோடுதான் முடிகின்றன.

இனி பாம்புக்கு வருவோம். வெள்ளை ஹ்மோங் கிளைமொழியில் பாம்பு என்பது உயர்சுரத்தில் 'ந'. பச்சை மோங் கிளைமொழியில் அதுவே மூக்கொலியோடு 'நங்' ஆகிறது. இதைச் சொன்னதும் பட்டியல் அனுப்பிய அந்த மாணவர், 'அப்படியானால் நாகத்துக்கு இன்னும் நெருங்கிவிட்டதே, ஐயா' என்றார். நான் அஞ்சியது இதைத்தான். ஒரு சொல் நெருங்கினால் ஒன்றும் நிறுவப்படுவதில்லை. அதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் திரும்பத் திரும்ப வர வேண்டும். வெள்ளை ஹ்மோங்குக்கும் பச்சை மோங்குக்கும் இடையே அது வருகிறது: பாம்பில் உள்ள அதே பொருத்தம் மழையிலும் இருக்கிறது. இவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவான மியன் மொழியிலும் பாம்பு 'நாங்'தான்.

சிங்களத்தின் உண்மையான உறவு எப்படித் தெரிகிறது என்றும் பாருங்கள். நமக்குத் தெரிந்த வடசொற்களான சதுர், பஞ்ச, சந்திர, சோர என்பவற்றுக்கு நேராகச் சிங்களத்தில் ஹதர (நான்கு), பஹ (ஐந்து), ஹந்த (நிலா), ஹொரா (திருடன்) என்று நிற்கின்றன. அங்கே சகரம் வருகிற இடத்தில் இங்கே ஹகரம். சிங்களத்தில் அது முதலில் ஸகரமாகி, பிறகு ஹகரமானது. 'பஞ்ச'வும் 'பஹ'வும் காதுக்கு ஒத்து ஒலிப்பதில்லை, இருந்தும் அவை உறவினர். நயாவும் நங்கும் ஒத்து ஒலிக்கின்றன, இருந்தும் அந்நியர். உறவுக்குச் சான்று ஒழுங்குதான், ஒப்புமை அன்று. வகுப்பில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பட்டியலில் உருப்படியான குறிப்பு ஒன்றும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரு மொழிகளிலும் மூக்கொலி முன்னொட்டிய வெடிப்பொலிகள், அதாவது 'ந்த்', 'ம்ப்' போன்றவை ஒரே ஒலியாக இழைபவை, உண்டு. சிங்களத்தில் மரத்தின் அடித்தண்டும் மலையும் தமிழ் எழுத்தில் 'கந்த' என்று ஒன்றாகவே விழும். ஆனால் முன்னதில் மூக்கொலி தொட்டதும் நழுவிவிடும், பின்னதில் நின்று ஒலிக்கும். முன்னதை எழுதச் சிங்களத்தில் சஞ்ஞக எழுத்து என்று தனியே ஒன்று இருக்கிறது. ஹ்மோங்கில் பன்றி, காகிதம், இறைச்சி ஆகிய சொற்கள் இத்தகைய ஒலியில்தான் தொடங்குகின்றன. ஆனால் சிங்களத்தில் அது உயிரொலிகளுக்கு இடையில் மட்டுமே வரும், இரு மெய்கள் சேர்ந்து நின்ற பழைய மெய்ம்மயக்கம் சுருங்கியதால் உண்டானது. இதை வைத்து உறவு கொண்டாடினால் சுவாஹிலியையும் ஃபிஜி மொழியையும் பந்தியில் உட்கார வைக்க வேண்டிவரும்.

உறவில்லாத மொழிகளை ஒப்பிடவே கூடாதா என்று கேட்டால், தாராளமாக ஒப்பிடலாம், வேறு கேள்வியோடு. ஹ்மோங்கில் எதை எண்ணினாலும் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஒரு வகைச்சொல் வேண்டும்: புத்தகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, உயிருள்ளவற்றுக்கு ஒன்று. 'இரண்டு' என்ற சொல் பக்கத்தில் வந்தால் அந்த வகைச்சொல்லின் சுரமே சில இடங்களில் மாறிவிடும். சிங்களத்தில் புத்தகங்கள் 'தெகக்', பிள்ளைகளோ 'தென்னெக்'. நாம் மனிதருக்கு 'இரண்டு பேர்' என்பது போல, உயிருள்ளவற்றை எண்ண மட்டும் அங்கே தனி வடிவம். ஒரு மொழி எல்லாப் பொருளையும் வகைப்படுத்தும்போது இன்னொன்று உயிருள்ளவற்றோடு ஏன் நின்றுவிடுகிறது என்பது ஆய்வுக்குரிய கேள்வி. அதைக் கேட்டு எனக்கு யாரும் பட்டியல் அனுப்புவதில்லை.

ஆகவே அனுப்புவதற்கு முன் சிலவற்றைச் செய்யுங்கள். எழுத்தை எப்படி வாசிப்பது என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கடன்சொற்களை நீக்குங்கள்: சிங்களத்தின் 'அக்கா' தமிழிலிருந்தும், 'மேசய'வும் 'அல்மாரிய'வும் போர்த்துக்கீசியத்திலிருந்தும் போனவை, ஹ்மோங்கின் 'நூறு' சீனத்திலிருந்து வந்தது. குழந்தை மழலையில் பிறந்த சொற்களைத் தொடாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றை எதிரெதிரே வையுங்கள்: இ, ஒ, பெ என்று ஒரு பக்கம், எக, தெக, துன என்று மறுபக்கம். பெரும்பாலான பட்டியல்கள் இந்த இடத்திலேயே படுத்துவிடும், உங்கள் ஆறு மாதமும் மிச்சமாகும்.

மாணவரிடம் நான் கடைசியாகக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஹ்மோங் பேசுகிற யாரிடமாவது மழை, பாம்பு என்ற இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.